அழைப்பு மணியில் அப்பா பெயர்

"வெளிநாட்டுல செட்டில் ஆயிட்டீங்க, இனி உங்களுக்கென்ன கொறச்சல்?" சேந்தமங்கலத்திலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாரும் இதையே சொல்கிறார்கள். ஒரு தடவை மியூனிக் வந்து வீடு தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் கடன் பாக்கி வைக்காத ஆள் என்று 'ஷுஃபா' சான்று கேட்கிறார்கள். போன வாரம் வந்து இறங்கியவர்களுக்கு இங்கே கடனும் கிடையாது, சான்றும் கிடையாது. சரி, சம்பளச் சீட்டைக் காட்டலாம் என்றால், சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும். நாங்கள் போன வங்கியில் முகவரிப் பதிவுத் தாள் கேட்டார்கள். பதிவு ஆபீசில் வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் கேட்டார்கள். ஓனரோ ஷுஃபா கேட்கிறார். எங்கள் ஊர்ப் பக்கம் காரவள்ளியில் மலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. தலை சுற்றினாலும் மேலே போய்ச் சேர்ந்துவிடுவோம். இங்கே வளைவு மட்டும்தான்.

என் கணவருடைய ஆபீஸ்காரர் ஒருவர் சிபாரிசில் எப்படியோ ஒரு வீடு அமைந்தது. ஜெர்மனியிலேயே வாடகை அதிகமான ஊர் இது. மூன்று மாத வாடகை வரை அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. அவ்வளவும் கொடுத்துச் சாவி வாங்கிக் கதவைத் திறந்தால், சமையலறையில் அடுப்பு இல்லை, சிங்க் இல்லை, மேடை இல்லை. சுவரில் இரண்டு குழாய் முனையும் அடுப்புக்கான ஒயரும் நீட்டிக்கொண்டிருந்தன. முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். இந்த நாட்டில் அது சர்வசாதாரணம். அட்டைப்பெட்டி மேல் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்து ரசம் கொதிக்கவிட்டு, பாத்திரத்தைக் குளியல் தொட்டியில் போட்டுக் குனிந்து கழுவிக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் பார்த்த அம்மா, "ஏங்கண்ணு, சமையக்கட்டே இல்லாத ஊட்டுக்கா இத்தன வாடக?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பெயர்த் தொல்லைதான் தாங்கவில்லை.

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானம் போட்டார்கள். நல்ல காரியம். அதிலிருந்து நமக்கெல்லாம் இனிஷியலும் பெயரும் போதும். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் ஓரெழுத்தாக இருந்த அப்பா, பாஸ்போர்ட்டில் முழுப் பெயராக விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டார். இந்த ஊரில் அந்தக் கட்டம்தான் மனுஷனே. பல் டாக்டரிடம் போனால் 'ஃபிரௌ' போட்டு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன். அதாவது என் அப்பாவுக்கு நான் திருமதி!

அடுக்குமாடியில் இங்கே பெரும்பாலும் கதவு நம்பர் போட்டுத் தபால் வருவதில்லை. தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இருக்கிற குடும்பப் பெயரைப் பார்த்துப் போடுகிறார்கள். எங்கள் மணியில் பழைய குடித்தனக்காரர் பெயர். நானே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டினேன். மறுநாள் கிழித்துப் போட்டிருந்தார்கள். எல்லா மணிக்கும் ஒரே மாதிரி எழுத்து இருக்க வேண்டுமாம், தகடு ஆர்டர் செய்திருக்கிறார்களாம். அந்தத் தகடு வருவதற்குள் வரி அடையாள எண் வந்த கடிதம், அப்படி ஒருவர் இங்கே இல்லையென்று திரும்பிப் போய்விட்டது. பதினோரு இலக்கம். அதைப் போனில் சொல்ல மாட்டார்கள், மெயிலிலும் அனுப்ப மாட்டார்கள், மறுபடி தபால்தான். எண் கொடுக்காவிட்டால் ஆறாம் வகுப்பு என்று இருப்பதிலேயே உச்ச வரி. இவர் சம்பளத்தில் பிடித்தே விட்டார்கள். பின்னால் திரும்பக் கிடைக்குமாம். அட்வான்ஸ் கட்ட வாங்கிய கடனுக்கு 'பின்னால்' என்று சொன்னால் கேட்பார்களா?

ஒருவழியாகத் தகடு வந்தது. மேலே மாமனார் பெயர், கீழே என் அப்பா பெயர். சேந்தமங்கலத்தைத் தாண்டினால் அதிகபட்சம் நாமக்கல் வரை போகிற சம்பந்திகள் இருவரும் மியூனிக்கில் சேர்ந்து குடித்தனம் நடத்துகிறார்கள். எங்கள் பெயரைக் காணோம்.

ஞாயிற்றுக்கிழமையாவது அலமாரி மாட்டலாம் என்றால் அன்றைக்கு டிரில் போடக்கூடாது. கடையும் கிடையாது. தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன், பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டிவிட்டார். மற்ற நாளில் மாட்டலாமே என்பீர்கள். வேலை முடிந்து இவர் வந்து சேர்வதற்குள் இரவு எட்டு, கடையை அடைத்துவிடுகிறார்கள். பத்து மணிக்கு மேல் சத்தம் போடக்கூடாது.

வரி எண் இன்னும் வரவில்லை. ஆனால் ரேடியோ, டிவிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கட்டு என்ற கடிதம் மட்டும் பெயர் பிசகாமல் வந்து சேர்ந்தது. எங்களிடம் டிவியே இல்லைங்க என்று எழுதிப் போட்டோம். டிவிக்கு இல்லை, வீட்டுக்குத்தான் கட்டணம் என்று பதில் வந்தது. அதுவும் ஒழுங்காக வந்துவிட்டது.