மாட்சா ஓகே... பதநீர் எங்கே?

ஓஎம்ஆர் காபி ஷாப்களில் மாட்சா லாத்தே இப்போ டிரெண்டிங். நாவலூரில் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள்கூட பச்சை நிற கப்போடு ஸ்டோரி போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் ஜப்பானில் இருந்து நாம் பாதியைத்தான் இறக்குமதி செய்திருக்கிறோம்.

அந்த மீதிப் பாதி என்ன?

பருவம். ஜப்பானின் பாரம்பரிய இனிப்புகளுக்கு 'வகாஷி' என்று பெயர். வசந்தத்தில், உப்பில் ஊறிய செர்ரி இலை சுற்றிய 'சகுரா மோச்சி'. மே 5 குழந்தைகள் தினத்துக்கு, ஓக் இலையில் மடித்த 'காஷிவா மோச்சி'. தேநீர்ச் சடங்கில் முதலில் இனிப்பு, பிறகுதான் கசக்கும் மாட்சா. தட்டைப் பார்த்தாலே என்ன மாதம் என்று தெரிந்துவிடும்.

நம்மிடம் இல்லையா?

தாராளமாக இருக்கிறது. கார்த்திகைக்குப் பொரி உருண்டை. தென் மாவட்டங்களில் அதே நாளில், பனை ஓலைக்குள் மாவை வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டை. கோடையில் நுங்கு, பதநீர். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி. உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

அப்புறம் என்ன பிரச்சினை?

மரமும், மரம் ஏறும் ஆளும். பனை நம் மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும், மரத்தை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அரசு அறிவித்தது. நல்ல விஷயம்தான். ஆனால் இன்று நட்ட விதை பாளை விட பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை ஏறத் தெரிந்தவர் தொழிலில் இருக்க வேண்டுமே!

பதநீருக்கு சீசன் சில மாதங்கள்தான். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். தடவினாலும் நாள் கணக்கில் தாங்காது. குடோனில் அடுக்கி வைத்து விற்கும் சரக்கு இல்லை இது. அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே யாராவது வாங்கினால்தான் ஏறியவருக்குக் கூலி.

என்ன செய்யலாம்?

வகாஷி தாக்குப்பிடிக்க ஒரு முக்கியக் காரணம், அந்தந்த மாதத்தில் அதைத் தேடிப் போய் வாங்கும் ஆட்கள் இருப்பது. இங்கேயும் அதுதான் தேவை. ஐடி வளாக கேன்டீன்கள் கோடையில் மட்டுமாவது பதநீருக்கு ஒரு கவுன்டர் ஒதுக்கலாம். கார்த்திகை வாரத்தில் ஆபீஸ் மீட்டிங்கில் குக்கீஸுக்குப் பதில் பொரி உருண்டை வைக்கலாம். ஈசிஆர் ஓரம் நுங்கு சீவுபவரிடம் பேரம் பேசாமல் வாங்கலாம்.

மாட்சா வருஷம் முழுக்கக் கிடைக்கும். பதநீர் அப்படி இல்லை. சீசனில் அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லையென்றால், அடுத்த சீசனில் ஏறவும் ஆள் இருக்காது.