அடுத்த கடற்பாதை ரயிலுக்கே உரியது

பினாங்குத் தீவையும் பெருநிலத்தையும் கடலடிச் சுரங்கச் சாலையால் இணைக்க, பினாங்கு மாநில அரசு 2013-இல் ஒப்பந்தம் செய்தது. தீவில் கர்னி டிரைவ், எதிர்க்கரையில் பாகான் ஆஜாம், நீளம் 7.2 கிலோமீட்டர். தீவுக்குள் போடவேண்டிய மூன்று சாலைகளையும் சேர்த்து மதிப்பு 630 கோடி வெள்ளி. சுரங்கத்தின் வேலை இன்னும் தொடங்கவில்லை. தொடங்காமலே கைவிடுவது நல்லது.

இது பினாங்கின் சொந்த விவகாரம் அல்ல. கெடா மாநிலத்தின் செமிலிங், பீடோங், மெர்போக் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளில் பலருக்கு இன்று பிழைப்பு தொழிற்சாலையில். 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்தபின், கெடாவிலிருந்து விடியுமுன் கிளம்பும் கம்பெனி பஸ்கள் ஆட்களை அங்கே கொண்டுபோகின்றன. பஸ் வராத இடத்துக்காரர்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் துணை. தைப்பூசத்துக்குத் தீவிலுள்ள தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற குடும்பங்களும் இதே கடலைத்தான் தாண்டவேண்டும்.

சுரங்கத்தை ஆதரிப்போரின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. 1985-இல் திறந்த முதல் பாலம் 2009-இல் ஆறு தடமாக அகன்றும் நெரிசல் தீரவில்லை. 2014-இல் வந்த இரண்டாவது பாலம் அப்போதைய கெடா சுல்தானின் பெயரைத் தாங்கியிருந்தாலும், தெற்கே பத்து காவானில் தொடங்குகிறது; அந்தத் தோட்டங்கள் இருக்கும் கோலா மூடா மாவட்டத்தாருக்கு அது சுற்று. பாகான் ஆஜாமோ பட்டர்வொர்த்துக்கு வடக்கே, அவர்கள் வரும் வழியிலேயே இருக்கிறது.

ஆனால் கரையேறும் இடம் எது என்று பார்க்கவேண்டும். கர்னி டிரைவ் ஜார்ஜ்டவுனின் வடபுறம். தொழிற்சாலைகள் தீவின் தென்கிழக்கில். சுரங்கத்தில் மிச்சமாகும் நேரத்தை, நகரைக் கடந்து தெற்கே இறங்கும் சாலை விழுங்கிவிடும். மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி கிடைக்குமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கோலாலம்பூரில் 2007-இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் நுழையக்கூடாது. அதே விதி இங்கும் வந்தால் தோட்டத்துப் பிள்ளைகள் பழைய பாலத்திலேயே நிற்பார்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் மூன்றாவது வழி திறக்கும். இது அநீதி.

வட அட்லாண்டிக்கின் பரோ தீவுகளை யாராவது முன்மாதிரியாகக் காட்டலாம். அங்கே சண்டோய் தீவுக்கு 2023 டிசம்பரில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் கடலடிச் சுரங்கம் திறந்தது. அதுவரை ஆயிரத்துச் சொச்சம் பேர் ஃபெர்ரி ஒன்றையே நம்பியிருந்தார்கள். அவர்களுக்கு அது உயிர்நாடி. இரண்டு பாலங்களும் ஃபெர்ரியும் உள்ள பினாங்குக்கு அந்த நியாயம் பொருந்தாது.

பொருந்துவது, 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட முத்தியாரா எல்.ஆர்.டி. (இலகு ரயில்) தடம். 29.5 கிலோமீட்டர் நீளும் அது தீவின் தெற்கிலிருந்து பாயான் லெப்பாஸ், கொம்தார் வழியாகக் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரலை அடையும். சுங்கை பட்டாணியிலிருந்து வரும் கொம்யூட்டர் ரயில் நிற்பதும் அங்கேதான். 2023 முதல் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும் நான்கு புதிய ஃபெர்ரிகளின் துறையும் அருகிலேயே. கார் இல்லாதவர் பெருநிலத்திலிருந்து தொழிற்சாலைப் பகுதிவரை ரயிலிலேயே போய்ச்சேரலாம். பொதுப்பணம் போகவேண்டிய இடம் இதுவே.

அறுந்திருப்பது கெடாப் பக்கத்துக் கண்ணி. செமிலிங்கிலிருந்து சுங்கை பட்டாணி நிலையத்துக்கு, ஷிப்டு தொடங்கி முடிகிற நேரங்களை ஒட்டிப் பஸ்கள் ஓடவேண்டும். விடியற்காலையிலும் பின்னிரவிலும் கொம்யூட்டர் கிடைக்கவேண்டும். பஸ், ரயில், எல்.ஆர்.டி. மூன்றுக்கும் ஒரே டிக்கெட் செல்லவேண்டும். கெடா மாநில அரசு பினாங்கின் முடிவுக்குக் காத்திராமல், கூட்டரசுப் போக்குவரத்து அமைச்சிடம் இவற்றை இப்போதே கேட்கவேண்டும்; எல்.ஆர்.டி. ஓடத் தொடங்கும் நாளில் இந்தப் பஸ்களும் ஓடவேண்டும்.