பழைய மாமரமும் ஒரு மூலதனமே!

"காய்ப்பு நின்ற மரம், விறகுக்காவது ஆகட்டும்!" பழைய மாந்தோப்புகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. தாத்தா வைத்த மரம் நாற்பது வயதைத் தாண்டிக் காய்ப்பு குறைந்ததும் மர வியாபாரியிடம் விலை பேசிவிடுகிறார்கள். மரம் ஏன் காய்க்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

காரணம் வயது மட்டுமல்ல, கவனிப்பின்மையும்தான். கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் உள்ளே வெயில் இறங்காது. மா பூப்பது கிளை நுனிகளில். வெயில் படாத நுனியில் பூ எங்கிருந்து வரும்? போதாக்குறைக்குப் புல்லுருவியும் தண்டுத் துளைப்பானும் சேர்ந்துகொள்கின்றன.

இதற்கு வழி இருக்கிறது. லக்னோவில் உள்ள மத்திய மிதவெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் இத்தகைய மரங்களுக்குக் கவாத்து முறை ஒன்றைப் பரப்பியது. பெரிய கிளைகளைத் தரையிலிருந்து சுமார் 4 மீட்டர் உயரத்தில் வெட்ட வேண்டும். முதலில் கீழ்ப்புறம் சிறிது அறுத்துக்கொண்டு பிறகு மேலிருந்து அறுத்தால் பட்டை கிழியாது. வெட்டுவாயில் தாமிரப் பூசணக்கொல்லிப் பசையைத் தடவ வேண்டும். துளிர்க்கும் கிளைகளில் வெளிநோக்கி வளரும் சிலவற்றை மட்டும் விட்டு, மற்றவற்றைக் கழிக்க வேண்டும். தொழு உரமும் தண்ணீரும் அவசியம். வடக்கே இதை டிசம்பர் வாக்கில் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தந்த ஊருக்கு ஏற்ற பருவத்தைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வெட்டிய மரம் மறுபடி காய்க்க இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை நம்பி வாழும்? தோப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் வெட்டாமல், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வெட்டினால் வருமானம் அடியோடு நிற்காது. முதிர்ந்த தோப்புகளைப் புதுப்பிக்க அரசு மானியம் தருவது சரிதான். ஆனால் வெட்டுக்கூலியோடு வருமான இழப்பையும் கணக்கில் எடுத்தால்தான் சிறு விவசாயி துணிந்து இறங்குவார்.

புதுக் கன்று வைத்தாலும் நல்ல மகசூலுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்கத்தான் வேண்டும். பழைய மரத்துக்கோ வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கிறது! அடிமரமே உளுத்துப்போனதை வெட்டுவதில் தவறில்லை. மற்றவை?

பெரிய நிறுவனங்களுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையில், விளைச்சலுக்காகவே வளர்க்கும் மரங்கள் இயந்திரங்களைப் போல நிலைச் சொத்தாகவே கருதப்படுகின்றன. பழுதான இயந்திரத்தைப் பழுதுபார்க்காமல் யாரும் இரும்புக் கடைக்குப் போடுவதில்லை. மரத்துக்கு மட்டும் ஏன் அந்த அவசரம்?