பின்பாட்டுக்காரிகள்

ரெகே இசையைப் பற்றிய படங்களை நம்மூர் விழாக்களில் திரையிடுகிறவர்கள் அதை விடுதலையின் இசை என்று அறிமுகம் செய்கிறார்கள். யாருடைய விடுதலை என்று கேட்டால், ஒடுக்கப்பட்ட மக்களுடையது என்பார்கள். அந்த மக்களில் பெண்களும் அடக்கமா என்பதுதான் என் சண்டை.

மகாராஜபுரத்தில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து இரண்டு நாள் இசைப்பட விழா ஒன்றை நடத்தினார்கள். மதுரையில் 1998 முதல் அமுதன் ஆர்.பி. நடத்திவரும் ஆவணப்பட விழாவுக்குப் போய்ப் போய்ப் பழகிய பிள்ளைகள். சதுரகிரிக்குப் போகும் கூட்டம் கடந்துபோகும் ஊரில் ஜமைக்காப் படம் ஓடுவது சின்ன விஷயமில்லை; அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். திரையிட்டவை மூன்று படங்கள். ஜிம்மி கிளிஃப் நடித்த 'தி ஹார்டர் தே கம்' (1972), ஒரு டிரம்ஸ் கலைஞன் இசைத்தட்டு விற்க மோட்டார்சைக்கிள் வாங்கிப் பறிகொடுக்கும் 'ராக்கர்ஸ்' (1978), கெவின் மெக்டொனால்டின் 'மார்லி' (2012). மூன்றும் ஆண்களின் கதைகள். எடுத்தவர்களும் ஆண்கள். கலந்துரையாடலில் இதைச் சொன்னேன். "முதல்ல இனமும் சாதியும் தீரட்டும் மேடம், பெண் பிரச்சினை அப்புறம்" என்றார் ஒரு தோழர். அந்த 'அப்புறம்' எனக்கு இருபது வயதிலிருந்தே பழக்கம்.

1976 டிசம்பர் 3 அன்று கிங்ஸ்டனில் பாப் மார்லியின் வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். மார்லிக்கு மார்பிலும் கையிலும் காயம். இரண்டே நாளில் அவர் மேடையேறிப் பாடியதைச் சொல்லாத ரெகே ரசிகர் இல்லை. அன்று அவர் மனைவி ரீட்டாவின் தலையிலும் குண்டு பட்டது. தலையில் கட்டோடு அவரும் அதே மேடையில் நின்று பாடினார். இதைச் சொல்லும் ரசிகரை நான் இன்னும் பார்க்கவில்லை. ரீட்டா, மார்சியா கிரிஃபித்ஸ், ஜூடி மொவாட் மூவரும் மார்லிக்குப் பின்பாட்டுப் பாடியவர்கள். மூவரும் தனியாகவும் பாடகிகள்தான். 'மார்லி' படத்தில் ரீட்டா பேசுகிறார், ஆனால் கணவரைப் பற்றி. மார்லி படத்தில் மார்லியைப் பற்றித்தானே கேட்பார்கள் என்பீர்கள். சரி. தன் 'பிளாக் வுமன்' தொகுப்பைத் தானே தயாரித்த ஜூடி மொவாட், 'இன்னா டி யார்ட்' (2019) ஆவணப்படத்தில் வருகிறாரே, அது ஏன் உங்கள் பட்டியலில் இல்லை?

சிஸ்டர் நான்சியின் கதையை என் மாணவிகளுக்கு வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். 1982இல் 'பாம் பாம்' பாடினார். ஆண்கள் மட்டுமே ஒலிபெருக்கியைப் பிடித்த டான்ஸ்ஹால் மேடையில் ஒரு பெண் ஏறியதே அதிசயம். உலகில் மிக அதிகம் எடுத்தாளப்பட்ட ரெகே பாடல்களில் அது ஒன்று. பாடியவருக்கோ பல பத்தாண்டுகள் உரிமைத்தொகை வரவில்லை. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வங்கியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 2014இல் தொலைக்காட்சியில் ஒரு காலணி விளம்பரத்தில் தன் குரலைத் தானே கேட்ட பிறகுதான் வழக்கறிஞரைப் பிடித்தார். முப்பத்திரண்டு வருடம்! அலிசன் டியூக் என்ற பெண் இவரைப் பற்றி 2024இல் ஆவணப்படமே எடுத்துவிட்டார்.

ஜமைக்காவில் நடந்ததற்கு வத்திராயிருப்பில் ஏன் கோபப்பட வேண்டும்? நம் நடவுப் பாட்டுக்கும் ஒப்பாரிக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் 'நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் அறியப்படவில்லை' என்பது. தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் சொல்கிறேன், அறிய முயன்றவர்கள் குறைவு. வயலில் நின்று வரி கட்டியவளுக்கு ஊரும் பேரும் உண்டு. 'ஆண்பாவம்' (1985) படத்தில் பாடி நடித்த கொல்லங்குடி கருப்பாயி, 'தூள்' (2003) படத்தின் பரவை முனியம்மா என்று சிலர் பேரோடு நமக்குக் கிடைத்தார்கள்; அவர்களையும் திரையில் பாட்டி வேடத்துக்கு மேல் போகவிடவில்லை. 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தபோது பாட்டின் பெருமை யாருக்கு, பணம் யாருக்கு என்று பெரிய சண்டை மூண்டது. நியாயமான சண்டைதான். ஆனால் அந்தப் பாட்டுக்கு வேரான ஒப்பாரியைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த கிழவிகளின் பங்கைப் பற்றி அதில் எவ்வளவு பேசினோம்? இதெல்லாம் ஆண்டாள் ஊரைச் சுற்றி நடக்கிறது. ஒரு பெண் பாடினாள் என்பதற்காக ஆடிப்பூரத்துக்குத் தேரிழுக்கிறோம். பாடுகிறவள் உயிரோடு இருந்தால் மட்டும் நமக்குச் சங்கடம்.

பெண்களைப் பற்றிய படம் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண் பிள்ளைகள் பறை அடிக்கிறார்கள். சாவுக்கு அடிக்க ஆண்களைக் கூப்பிட்டு, பிறகு அதையே இழிவென்று தள்ளிவைத்த கருவியைப் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுவதை ஜோ ஷெரினியன் 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று படமாக்கியிருக்கிறார். எழுபது எண்பது மைல் தூரத்துக் கதை. 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில், ஆண்கள் கோட்டை என்றிருந்த கானாவைப் பாடிய இசைவாணி இருக்கிறார். ஈழத்திலிருந்து அகதியாய் லண்டன் போன மாயா அருள்பிரகாசம், தன் 'கலா' தொகுப்பில் டான்ஸ்ஹால் தாளத்தோடு நம் உறுமியைச் சேர்த்தவர். அவரே படம்பிடித்து வைத்திருந்த காட்சிகளைக் கொண்டு 2018இல் ஆவணப்படம் வந்தது.

ஸ்டீவ் மெக்வீனின் 'லவ்வர்ஸ் ராக்' (2020) வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். லண்டனில் 1980 வாக்கில் கறுப்பின இளைஞர்கள் வீட்டிலேயே நடத்தும் ஒரு நடன விருந்து. தொடக்கத்தில் பெண்கள் அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பைக் கிளறிக்கொண்டே பாடுகிறார்கள். (அந்தக் குழம்பு ஜமைக்காவுக்குப் போனதே 1845 முதல் கப்பலேறிய இந்தியக் கூலிகளோடுதான்.) அதே விருந்தில் ஒருவன் தோட்டத்துப் பக்கம் ஒரு பெண்ணிடம் அத்துமீறுகிறான், இன்னொரு பெண் வந்து தடுக்கிறாள். இனவெறிக்கு எதிரான படம்தான். அந்தத் தோட்டத்தை 'அப்புறம்' என்று ஒதுக்காத படம்.

விழாக்குழுவுக்கு இன்னொன்றும் எழுதியிருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்குப் படம் போட்டால் ராஜபாளையம் மில்லில் காலை ஷிப்டுக்கு விடிகாலை வேன் ஏறுகிறவள் எப்படி உட்கார்ந்து பார்ப்பாள்? கூட்டத்தில் இருந்த பெண்கள் என் மாணவிகள் பதினோரு பேர்தான். அவர்களும் கடைசி பஸ்ஸுக்காகப் பாதிப் படத்தில் எழுந்து போனார்கள். அடுத்த தடவை ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள். நடவுக்குப் போகும் பெண்களிடம் ஒரு வாரம் முன்பே போய்ச் சொல்லுங்கள். படத்துக்கு முன் அவர்களில் யாராவது பாடச் சம்மதித்தால், நோட்டீஸில் அவர்கள் பெயரைப் போடுங்கள், பாடியதற்குக் காசும் கொடுங்கள்.