ஒரே சிலிண்டர், இரு நீதி

நிலாவெளிக் கரைக்கு அப்பால், சுமார் 1 கிலோமீற்றர் தொலைவிலே புறாத்தீவு கிடக்கிறது. 2003ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட அச்சிறு தீவின் முருகைக் கற்பாறைகளைக் காண உல்லாசப் பயணிகள் வருகின்றனர், சுழியோடுகின்றனர், மகிழ்ந்து மீள்கின்றனர். நம் எழுத்தாளர் சிலரும் அக்கடலடி வனப்பை வருணித்துப் பக்கங்களை நிரப்புகின்றனர். அழகை வருணிப்பது குற்றமன்று. ஆனால், அதே கிழக்குக் கடலில், அதே காற்றுச் சிலிண்டரை முதுகிற் சுமந்து, சங்கும் கடலட்டையும் தேடி இறங்கும் தொழிலாளியை அவர்கள் காணாதது ஏன்?

என் வகுப்பு மாணவன் ஒருவன், ‘கடலின் அழகு’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதாது வெற்றுத்தாளைத் தந்தான். அட்டைக்குச் சுழியோடிய அவன் தந்தை இன்று பொல்லூன்றி நடக்கிறார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

கடலின் விதி எல்லோர்க்கும் ஒன்றே. 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இருமடங்கு. 30 மீற்றரில் நான்கு மடங்கு. அமுக்கம் கூடக்கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் உடலிலே மிகுதியாகக் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால், சோடாப் போத்தலைத் திறந்தாற்போல அது குமிழிகளாகிறது. மூட்டுகள் நோகும்; முள்ளந்தண்டு தாக்கப்பட்டாற் கால்கள் செயலிழக்கும்; உயிரும் போகலாம்.

இயற்கைக்கு வர்க்கபேதம் இல்லை. மனிதர் செய்த ஏற்பாடுகளுக்கே அது உண்டு. உல்லாசப் பயணிக்குப் பயிற்றுநர் உண்டு, ஆழமானி உண்டு. 5 மீற்றர் ஆழத்திலே 3 நிமிடம் தரித்த பின்னரே அவனை மேலே அழைத்து வருவர். தொழிலாளிக்கோ, எத்தனை அட்டை என்பதே கணக்கு. ஆழங் குறைந்த இடங்களில் அட்டை அருக அருக, அவன் மேலும் ஆழம் நாடுகிறான். ஒரே நாளிற் பல தடவை இறங்குகிறான். உலர்த்திய அட்டை ஹொங்கொங், சிங்கப்பூர்ச் சந்தைகளுக்குப் போகிறது. வாதம் அவனுடைய வீட்டுக்கு வருகிறது.

“அறியாமையால் அழிகிறார்கள்” என்பர் சிலர். வசதியான விளக்கம்! தரித்து நிற்கும் நிமிடங்களுக்குக் கூலி இல்லை என்பதை அவன் நன்கு அறிவான். அவனுடைய அவசரம் அறியாமையன்று, வறுமை.

பயிற்சியும் ஆழமானியும், அமுக்க அறைச் சிகிச்சையும், ஊனமுற்றோர்க்கு இழப்பீடும் வேண்டும். அச்செலவை, அட்டையால் இலாபம் பெறுவோரே ஏற்க வேண்டும். இது தருமமன்று, உரிமை.

ஆசிரிய நண்பர்களே, முருகைக்கல்லின் நிறங்களை நம் மாணவர்க்குக் கற்பிப்போம். அத்துடன், அதே கடலுள் இறங்கி, எழுந்து நடக்க இயலாது போன மனிதனின் கதையையும் கற்பிப்போம். அதை மறைக்கும் இலக்கியம் கரையில் நின்று கடலைப் பாடும் இலக்கியமே.