தொட்டிக் கறிவேப்பிலையும் ஊர் மண்ணும்



இன்னும் சில வாரங்களில் மும்பையில் மழை தொடங்கிவிடும். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் சாளரக் கம்பிகளுக்குள்ளும் நடைக்கூடத்து ஓரங்களிலும் தொட்டி வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பல. கறிவேப்பிலை, துளசி, மல்லிகை ஆகிய மூன்றில் ஒன்றேனும் இல்லாத தமிழர் இல்லத்தைக் காண்பது அரிது. “ஊரிலே தானாய் வளரும் செடி இங்கே ஏன் வாடுகிறது?” என்று அன்பர் பலர் நம்மை வினவுகின்றனர். விடையை நாம் நூலிற் கற்கவில்லை. ஒரு செடியை ஏறக்குறையக் கொன்றுதான் கற்றோம். அதனை மறையாது உரைப்பதே இத்திங்களின் கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்னையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து புகைவண்டியில் வந்திறங்கியபோது, ஒரு கையில் ஈரச் சாக்கிற் சுற்றிய கறிவேப்பிலைக் கன்று இருந்தது. மற்றொரு கையில் சிமிட்டிப் பை நிறையச் செம்மண் இருந்தது. காலஞ்சென்ற நம் தந்தையார் கொல்லையில் நட்ட மரத்தின் வேரடியிற் கிளைத்த கன்று அது. அந்த வீடு அவ்வாண்டுதான் விற்கப்பட்டது. ஆகவே அக்கன்று வெறும் கன்றன்று என்பதை நேயர்கள் உணர்வார்கள்.

“எருவும் வாங்க வேண்டுமா, அம்மா?” என்றோம்.

“ஊர் மண் இருக்கும்போது எருவுக்கு என்னப்பா குறை?” என்றார் அன்னையார்.

அவ்வாறே வண்ணம் பூசுவோர் எறிந்த ஒரு நெகிழி வாளியில் ஒரேயொரு துளையிட்டு, ஊர் மண்ணை மட்டுமே நிரப்பி நட்டோம். கோடையில் கன்று தளிர்த்தது. ஆடி பிறந்ததும் இலைகள் மஞ்சளாயின. செடிக்குப் பசி என்று எண்ணி, கடையில் வாங்கிய கலப்பு உரத்தை இரண்டு கைப்பிடி அள்ளியிட்டோம். பத்து நாளில் இலை முழுவதும் உதிர்ந்தது. அன்னையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் வாளியைப் பார்ப்பார். பின்பு அடுக்களைக்குச் சென்றுவிடுவார். அம்மௌனம் நமக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிறன்று வாளியைக் கவிழ்த்தோம். மண் செங்கல்லைப்போல் இறுகியிருந்தது. அடியிற் சேறு, வேர்கள் கறுத்து நாறின. செடி பசியால் வாடவில்லை. மூச்சுத் திணறி வாடியது.

இதன் காரணம் எளியது. வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. திருநெல்வேலிச் சமவெளியில் மழை குறைவு. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி கார்த்திகையில் பெய்வது. கொல்லை மண்ணில் மண்புழுவும் எறும்பும் வழி செய்ய, நீர் ஆழத்திற்கு இறங்கிவிடும். மும்பையிலோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை, ஏறக்குறைய முழுவதும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கே திங்களில் கொட்டுகிறது. ஒரு சாண் ஆழத் தொட்டியில் அந்நீர் எங்கே இறங்கும்? நுண்ணிய மண் ஒன்றோடொன்று படிந்து காற்றுக்கு இடமின்றி அடைத்துக்கொள்ளும். ஊர் மண் கெட்ட மண்ணன்று. கொல்லைக்குரிய மண், தொட்டிக்கு அப்படியே ஆகாது என்பதே நாம் கற்ற பாடம்.

அவ்வாறாயின் எவ்வகைக் கலவை தகும்? நாம் இப்பொழுது கையாளும் அளவு இது: செம்மண் ஒரு பங்கு, கழுவிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் அரைப் பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. துளசிக்கு மணலைச் சிறிது கூட்டலாம். மல்லிகைக்கு உரத்தைச் சிறிது கூட்டலாம். கலவையை நனைத்துக் கையிற் பிடித்தால் உருண்டையாக வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். இதுவே சோதனை.

தென்னைநார்க் கழிவு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து அழுத்திய கட்டிகளாக வருகிறது. 650 கிராம் கட்டி ஒன்று நீரில் ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் அளவுக்கு விரியும். அதில் உப்பு இருக்கக்கூடுமாதலால் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும். அஃது எடையிலும் இலேசு. பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் நனைந்த மண் மட்டும் நிரப்பினால் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். பழைய கட்டடத்துச் சாளரக் கம்பியும் கீழே நடப்போர் தலையும் நம் பொறுப்பென்பதை மறத்தலாகாது.

தொட்டிக்குத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சௌராட்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் தாராவிக் கும்பார்வாடாவிற் செய்யும் மண் தொட்டிகள், தம் சுவர் வழியே ஈரத்தை வெளிவிட்டு வேருக்கு உதவுகின்றன. அடியிற் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பது பலர் நம்பிக்கை, அது சரியன்று. மேலுள்ள மண் நிறைய நனைந்த பின்னரே நீர் கல்லுக்குள் இறங்கும். துளைமேல் ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

கரும்புச் சாறு பிழிந்த சக்கையும் வீணன்று. இந்நகரில் மாடித் தோட்டத்தைப் பரப்பிய டாக்டர் ஆர். டி. தோஷி அதனைப் பைகளில் இட்டே காய்கறி விளைவித்தார். மும்பைத் துறைமுகக் கழகத்தின் உணவகக் கூரையில் ப்ரீதி பாட்டீல் அவர்கள் சமையற் கழிவையே வளமான மண்ணாக்கித் தோட்டம் வளர்த்தார். ஆனால் ஒரு மண்ணை மட்டும் தொடாதீர்கள். இருப்புப்பாதை ஓரத்திலும் சாக்கடைக் கரையிலும் கறுத்துச் செழித்துத் தோன்றும் மண்ணில் எண்ணெயும் கழிவுநீரும் ஊறியிருக்கும். இரயில்வேயில் ஊழியம் செய்யும் நாம் அதனை நாள்தோறும் காண்கிறோம். உண்ணும் இலைக்கு அஃது ஆகாது.

இனி உரம். செம்பூரில் உள்ள ஆர்.சி.எஃப். ஆலையின் சுஃபலா மூட்டையில் 15:15:15 என்னும் எண்களைக் காணலாம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் என்பது பொருள். இத்தகைய உரம் வயலுக்குரிய வலிமை உடையது. கைப்பிடி கணக்கில் தொட்டியில் இட்டால், அவ்வுப்பு வேரிலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடும். நாம் எவ்வுரத்தை இட்டிருந்தாலும் அதுவே நேர்ந்திருக்கும். குற்றம் உரத்தினுடையதன்று, நம் கையினுடையது. இடுவதாயின் அரைத் தேக்கரண்டி, இரண்டு திங்களுக்கு ஒருமுறை, ஈர மண்ணில், தண்டை விட்டு விலக்கி இடுக. நோயுற்ற செடிக்கும் கொட்டும் மழையிலும் எவ்வுரமும் வேண்டா.

நம் இல்லத்திற்கு உகந்தது வேறு. ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் மூடி ஊறவைத்து, தெளிவுடன் பத்து மடங்கு நீர் சேர்த்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். தேயிலைச் சக்கையைப் பாலும் சர்க்கரையும் போகக் கழுவியே இடுக. இல்லையேல் எறும்பு மொய்க்கும். நரம்பு பச்சையாயிருக்க இடையில் இலை வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீரில் ஒரு சிட்டிகை அன்னபேதி கரைத்து ஊற்றுக. புளித்த மோரை நீர்க்க விளாவி ஊற்றுவது நம் பாட்டிமார் வழக்கம். அளவோடு செய்தால் தீங்கில்லை. தொட்டியடித் தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையேனும் கொட்டிவிடுக. டெங்குக் கொசு வளர அந்நீரே போதும்.

ஒரு செய்தி நேயர்களுக்கு இனிமை தரும். கறிவேப்பிலையின் தாவரவியற் பெயரில் உள்ள ‘கோனிகி’ என்னும் சொல், 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்து தென்னாட்டுச் செடிகளை ஆராய்ந்த கோனிக் என்னும் அறிஞரின் நினைவாக இடப்பட்டது. அயலிலிருந்து வந்தவர் பெயரை நம் அடுக்களை இலை சுமக்கிறது!

நம் கன்று யாதாயிற்று? அழுகிய வேர்களைக் கத்தரித்து, புதுக் கலவையில் நட்டு, நிழலில் வைத்து, உரம் ஏதுமின்றிக் காத்திருந்தோம். ஐப்பசியில் அடித்தண்டில் கடுகளவு ஒரு பச்சைக் கண் தோன்றியது. அதை முதலிற் கண்டவர் அன்னையாரே. “அந்தக் கலவையிலே நம்ம மண்ணும் இருக்குதா?” என்று கேட்டார். “மூன்றரைப் பங்கில் ஒரு பங்கு, அம்மா” என்றோம். “போதும்” என்றார்.

இன்று அது சாளரத்தைத் தொடும் உயரம் வளர்ந்துள்ளது. உங்கள் தொட்டியை மழைக்கு முன் ஒருமுறை விரலால் கிளறிப் பாருங்கள். விரல் இறங்கவில்லையானால் வேரும் இறங்காது, இப்பொழுதே மாற்றிவிடுங்கள்.

வரும் திங்கள் மழைக்கால மல்லிகையைப் பற்றிப் பேசுவோம்.