குளிர்காலமே நம் ஆட்டக்காலம்

குளிர்நாடுகளில் பனிக்காலம் நெருங்கினால் முற்றத்து ஆட்டக் கருவிகளைத் துடைத்து உள்ளே வைப்பர். கொல்கத்தாவில் நாம் அப்போதுதான் அவற்றை வெளியே எடுக்கிறோம். டிசம்பர் மாலைகளில் சந்துகளிலும் மொட்டைமாடிகளிலும் மூங்கில் நட்டு, வலை கட்டி, விளக்கேற்றி இறகுப்பந்து ஆடுகிறோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்கால ஈரத்தில் பரண்மேல் கிடந்தவை இவை என்பதை மறந்துவிடுகிறோம்.

கிரிக்கெட் மட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் போதும். மிகுந்தால் மரம் கனத்துவிடும். பந்தின் 16 இறகுகளும் வறண்ட காற்றில் எளிதில் ஒடியும். ஆடுமுன் கொதிநீர் ஆவியைச் சற்றே காட்டினால் தாங்கும். (இத்தனை அக்கறையும் பந்தோடு நின்றுவிடுவதே நம் வழக்கம்!)

நாம் அஞ்சுவது விளக்குக்குச் செல்லும் மின்கம்பியைத்தான். சென்ற ஆண்டு ஒட்டுப்போட்ட கம்பியையே மூங்கிலில் சுற்றி, பனி இறங்கும் இரவில் அதனடியில் பிள்ளைகளை ஆடவிடுவது பொறுப்பன்று. வங்கியில் வரவு செலவு பார்த்துப் பழகிய நமக்குச் செலவின் வரிசை முக்கியம். ஒட்டில்லாத கம்பி முதலில். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடுத்து, புதிய மட்டை அதன் பின்னரே. ஆட்டம் முடிந்ததும் இணைப்பைத் துண்டித்து, வலையோடு கம்பியையும் உள்ளே எடுத்து வையுங்கள்.